பாய் வாங்க முதல் பாரத்தைப் பாருங்கோ

எங்கட நண்பர் ஒருவரின் அக்கா ஒன்ராரியோவில் இருக்கிறா. போன வருஷம் அவவும் அத்தானும் ஒரு புது ட்ரெயிலர் வாங்கினவை. சாமான் ஏத்துற ட்ரெயிலர் இல்லை, காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போற வீடு. உள்ளே கட்டில், குசினி, பிரிட்ஜ், கக்கூசு, குளிக்கிற இடம் எல்லாம் இருக்கும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளையும் ஏத்திக்கொண்டு ஏரிக்கரை, காடு என்று போய் நின்று வரலாம். வாங்கின கையோடு அக்கா வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினா. தலைப்பு: "புது ட்ரெயிலருக்கு அத்தியாவசியமான சாமான்களும் அப்கிரேட்களும்". கீழே ஒரு வொய்ஸ் மெசேஜ்: "தம்பியவை, நீங்கள் உந்த வீடியோ எல்லாம் இருந்து பாக்கிறனீங்கள்தானே. இதில எதை முதல் வாங்க?"

வாசித்தோம். முதலாவதாக இருந்தது வாசலில் விரிக்கிற பெரிய பாய். பிறகு கூரையோரம் தொங்கவிடுகிற மின்மினி லைட். பிறகு மடக்குக் கதிரை, கோப்பி மெஷின், பெயர் எழுதித் தொங்கவிடுகிற பலகை. ரயருக்குக் காத்துப் பார்க்கிற மானி கடைசிப் பக்கத்தில் கிடந்தது. வண்டியை நிறுத்துப் பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு சாமானுக்குப் பக்கத்திலும் "இங்கே வாங்குங்கள்" என்ற இணைப்பு மட்டும் தவறாமல் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலோடு எங்களுக்குள்ள சண்டை.

"இஞ்சை இருந்துகொண்டு கனடாக்காரற்ற ட்ரெயிலருக்கு ஏன் அழுறியள்?" எண்டு கேப்பியள். நியாயமான கேள்வி. ரெண்டு காரணம் இருக்கு. முதலாவது, உதுக்குள்ள இருந்து போறது எங்கட ஆக்கள். எங்கட அக்கா, எங்கட மருமக்கள். இரண்டாவது, "அத்தியாவசியம்" என்ற அந்தச் சொல். 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது எது இல்லாமல் வாழ ஏலும், எது இல்லாமல் ஏலாது என்பதை எங்கட அம்மா அப்பா ஒவ்வொரு பற்றரியாக, ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெய்யாகப் படித்தவர்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு எரிச்சு அதுக்குக் கீழ இருந்து படிச்ச தலைமுறை அது. 2022இல் காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்று அதே பாடத்தை நாங்களும் கொஞ்சம் படித்தோம். அப்படி வந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய் மின்மினி லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எங்களுக்குக் கோவம் வரும்.

எங்கட வாதம் இதுதான். ஒரு புது ட்ரெயிலருக்கு உண்மையிலேயே அத்தியாவசியமானவை சில இருக்கின்றன. அவை படம் எடுக்க வடிவில்லாதவை. அவற்றில் பலதைத் தொழிற்சாலையே பூட்டித் தந்திருக்க வேண்டும். தராமல் விட்டுவிட்டு, அந்தக் குறைக்கு "அப்கிரேட்" என்று பெயர் வைத்து, வாங்கின ஆளிடமே இரண்டாம் தரம் காசு வாங்குகிறது சந்தை. பட்டியல் எழுதுகிறவர் அந்தச் சந்தையின் தரகர். எதை எந்த வரிசையில் வாங்குவது என்பதை அவர் கொமிஷன் பார்த்துச் சொல்கிறார்.

பெட்டிக்குள் என்ன இல்லை

வட அமெரிக்காவில் ஓடுகிற இந்த வகை வண்டிகளில் பெரும்பான்மை அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊரையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் சேர்ந்த தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது. இரும்புச் சட்டம், அதுக்கு மேல் மரச்சட்டம் அல்லது அலுமினியம், மெல்லிய பலகை, றப்பர் மாதிரி ஒரு கூரை. உள்ளே குசினியும் மெத்தையும் மினுங்கும். டீலரின் வளவில் போய் நிற்கிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவதும் அந்தக் குசினிதான்.

அந்த விலைக்குள் பெரும்பாலும் வராதவற்றைக் கேளுங்கோ. காரோடு சேர்த்துப் பூட்டுகிற கொழுக்கித் தொகுதி வராது. காரில் இருந்து ட்ரெயிலரின் பிறேக்கை இயக்குகிற கருவி வராது. சில்லுக்குக் கீழ் வைக்கிற கட்டை வராது. குடிதண்ணி ஓஸ் வராது. கழிவு ஓஸ் வராது. பற்றரியைக்கூடப் பல இடங்களில் டீலர்தான் தனியாகப் போட்டுத் தருவார். ஒரு வீட்டை வித்துப்போட்டு, தண்ணி வாறதுக்கும் போறதுக்கும் பைப் நீங்கள் வாங்குங்கோ எண்டால் எங்கட ஊரில மேசனாரைக் கிணத்துக்குள்ள தள்ளிப்போடுவினம். அங்கே அதற்குப் பெயர் "ஸ்டார்ட்டர் கிட்". அதுவும் டீலரின் கடையிலேயே, பக்கத்து அலுமாரியில் இருக்கும்.

இதில் ஒரு பகுதிக்கு நியாயம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறோம். கொழுக்கி எந்தக் கார் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. பற்றரி ஈயமா லித்தியமா என்பது நீங்கள் கரண்ட் உள்ள முகாமில் நிற்கிறீர்களா, கரண்ட் இல்லாத காட்டில் நிற்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. அவை தெரிவுகள். ஆனால் ரயரில் காத்து இறங்கினால் தெரிய வேண்டும் என்பது யாருடைய ரசனையையும் பொறுத்தது இல்லை.

முன்பாரம், பின்பாரம்

முதல் விஷயம் நிறை. இதற்கு நாங்கள் எல்கார்ட்டுக்குப் போகத் தேவையில்லை. மாட்டுவண்டில் ஓட்டின எந்த அப்பப்பாவைக் கேட்டாலும் சொல்லுவார். மூட்டை எல்லாத்தையும் முன்னுக்கு அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தை அமத்தும். பின்னுக்கு அடுக்கினால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் குரல்வளையை இறுக்கும். முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏத்தத் தெரியாதவனை வண்டிலில் ஏறவே விடமாட்டார்கள்.

ட்ரெயிலருக்கும் அதே கணக்குத்தான். அதன் மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம் வரை கொழுக்கியில் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால், அதாவது பின்பாரமானால், வேகத்தில் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். ஒரு பெரிய லொறி பக்கத்தால் கடந்து போகும்போது வருகிற காத்து போதும். ஆட்டம் கூடிக்கொண்டே போய்க் காரையும் சேர்த்து இழுத்துப் பிரட்டிவிடும்.

அக்காவுக்கு நடந்தது இதுதான். முதல் பயணம். பின் பம்பரில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட், அதில் நாலு சைக்கிள். அதுவும் பட்டியலில் இருந்த "அத்தியாவசியம்". பின்பக்க அலுமாரிக்குள் ஐஸ் பெட்டி, தண்ணிப் போத்தல் கேஸ், அடுப்பு. நெடுஞ்சாலையில் ஒரு லொறி கடந்தது. "தம்பி, கண்ணாடியில பாக்கிறன், வீடு எனக்குப் பக்கத்தில வருது" எண்டு அத்தான் சொன்னார். அவர் பிறேக்கை அமத்தவில்லை, பயத்தில் காலை எடுத்துவிட்டார். அதுதான் காப்பாற்றியது. ஆட்டம் வந்தால் செய்ய வேண்டியது அதுதான்: அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுப்பது, ஸ்ரியறிங்கை நேராகப் பிடிப்பது, காருக்குள் இருக்கிற கருவியின் கைப்பிடியால் ட்ரெயிலரின் பிறேக்கை மட்டும் மெல்லப் பிடிப்பது. அந்தக் கைப்பிடி எதுக்கு இருக்கிறது என்று அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. வண்டி கையளித்த அன்றைக்கு டீவியை எப்படிப் போடுவது, கூடாரத்துணியை எப்படி இழுப்பது என்று வடிவாகக் காட்டினவையாம்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு ட்ரெயிலரின் உச்ச அனுமதி நிறை 3,200 கிலோ, வெறும் நிறை 2,650 கிலோ என்று வைப்போம். மிச்சம் 550 கிலோ. தண்ணித் தாங்கியில் 150 லீற்றர் நிரப்பினால் 150 கிலோ போய்விட்டது. காஸ் சிலிண்டர் இரண்டு, நிரம்பினால் ஒவ்வொன்றும் 17 கிலோ அளவில். ஈயப் பற்றரி இரண்டு, ஒவ்வொன்றும் 25 கிலோ அளவில். விளம்பரத்தில் போடுகிற வெறும் நிறைக்குள் டீலர் போட்ட பற்றரியும் மேலதிகச் சாமான்களும் பலவேளை அடங்காது. இப்ப மிச்சம் 320 கிலோவுக்குக் கிட்ட. அதுக்குள்தான் நாலு பேரின் உடுப்பு, படுக்கை, சட்டி பானை, சாப்பாடு, சைக்கிள் எல்லாம் வர வேண்டும். அதுக்குப் பிறகுதான் அந்தப் பட்டியல். பாய் பாரம். கதிரை பாரம். கோப்பி மெஷின் பாரம். "அத்தியாவசியம்" என்று வாங்குகிற ஒவ்வொன்றும் அந்த 320இல் இருந்துதான் கழிகிறது. பட்டியல் முழுவதையும் வாங்கினவர் பட்டியலாலேயே ஆபத்தில் விழலாம். இதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

காரின் பக்கமும் பாருங்கோ. "எங்கட கார் 3,400 கிலோ இழுக்கும்" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். இழுக்கும். ஆனால் சாரதியின் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காருக்குள் ஏத்தக்கூடிய ஆக்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். 600 கிலோ என்று இருந்தால், நாலு பேருக்கு 250 போக மிச்சம் 350. கொழுக்கியில் இறங்குகிற பாரமும் அதே கணக்கில்தான் சேரும். 3,200 கிலோ ட்ரெயிலர் 320 முதல் 480 கிலோ வரை இறக்கும். அப்போ கார் இழுக்கும், ஆனால் தாங்காது. பாரத்தை முன் சில்லுக்கும் பகிர்ந்து கொடுக்கிற கொழுக்கி ஒன்று இருக்கிறது. பெரிய ட்ரெயிலருக்கு அது கட்டாயம் வேணும். ஆனால் அது பாரத்தைப் பகிருமே ஒழிய, கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கூட்டாது. பிழையாக அடுக்கின சாமானுக்கும் அது மருந்து இல்லை.

அதனால் முதல் "அப்கிரேட்" ஒரு தராசு. வாங்கத் தேவையில்லை. நெடுஞ்சாலையோரம் லொறிகள் நிற்கிற இடங்களில் நிறுவைத் தட்டு இருக்கிறது. பயணத்துக்கு ஏத்துகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏத்திக்கொண்டு போய் ஒருக்கா நிறுங்கோ. அதுக்கு ஆகிற காசு அந்தப் பாயின் விலைக்குக் கிட்டவும் வராது. ஒன்ராரியோவில் 1,360 கிலோவும் அதுக்கு மேலும் மொத்த நிறை உள்ள ட்ரெயிலருக்குப் பிறேக் இருக்க வேணும் என்பது சட்டம். சட்டம் நிறையைப் பார்க்கிறது. எங்கட ஆக்கள் குசினியைப் பார்க்கிறார்கள்.

ரயர்

அமெரிக்காவில் 1990களின் கடைசியில் ரயர் பிரிந்து கார்கள் பிரண்டு பலர் செத்த பிறகு, 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த விதிகளால், 2008 மாடலில் இருந்து அங்கே புதுக்கார்கள் எல்லாவற்றிலும் காத்து இறங்கினால் காட்டுகிற விளக்கு கட்டாயம். அந்த விதி காருக்கும் சிறிய ட்ரக்குக்கும் உரியது. ட்ரெயிலருக்கு இல்லை.

யோசித்துப் பாருங்கோ. காரில் காத்து இறங்கினால் ஸ்ரியறிங் சொல்லும், சத்தம் கேக்கும், சாரதிக்கு விளங்கும். பின்னால் ஏழு எட்டு மீற்றர் தள்ளி ஓடுகிற ட்ரெயிலரின் ரயர் தனகினால் முன்னுக்கு இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு அச்சு இருந்தால் இன்னும் மோசம். ஒரு ரயர் காத்துப் போனதும் அதன் பாரம் பக்கத்து ரயருக்குப் போகும், அதுவும் சூடேறி வெடிக்கும். வெடிக்கிற ரயர் சும்மா வெடிக்காது, தும்பு தும்பாகப் பிரிந்து சுழண்டு, சில்லுக்கு மேலே உள்ள தரையையும் பைப்பையும் வயரையும் கிழித்துக்கொண்டு போகும். விளக்கு உண்மையில் எங்கே அத்தியாவசியமோ அங்கே அது "மேலதிகச் சாமான்". சில கம்பனிகள் இப்போது பூட்டியே தருகின்றன. அதனால் ஏலாத காரியம் என்று ஒருத்தரும் சொல்ல ஏலாது.

அதோடு ரயரின் வயது. ட்ரெயிலர் ரயர் பெரும்பாலும் தேஞ்சு சாகிறது இல்லை, நின்ற இடத்தில் நின்று வெயிலில் காய்ந்து சாகிறது. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3523 என்று இருந்தால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருஷம் கடந்தால் பூ எவ்வளவு இருந்தாலும் மாத்த வேணும். பழைய ட்ரெயிலர் வாங்குகிறவர்கள் முதலில் வாசிக்க வேண்டியது அந்த நாலு இலக்கத்தைத்தான். வேகமும் அதே பக்கச்சுவரில் இருக்கிறது. ட்ரெயிலருக்கென்று வருகிற ரயர்களில் பல காலங்காலமாக மணிக்கு 65 மைலுக்கு, அதாவது 105 கிலோமீற்றர் அளவுக்குச் செய்யப்பட்டவை. கூடின வேகத்துக்கு வருகிறவையும் இப்போது உண்டு. எது உங்களுடையது என்று பார்க்காமல் 120இல் இழுக்காதீர்கள். கலிபோர்னியாவில் ட்ரெயிலர் இழுக்கிற வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல்தான், 88 கிலோமீற்றர் அளவு. சும்மா வைத்த எண் இல்லை அது.

இன்னொன்று: புது வண்டியின் சில்லு நட் முதல் சில பத்து மைல்களுக்குள் இளகும். நிறுத்தி நிறுத்தித் திரும்ப முறுக்கச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். அதுக்கு முறுக்கு அளவு காட்டுகிற ஸ்பானர் ஒன்று வேணும். வண்டில்காரன் கடையாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுவான். அந்தப் பழக்கத்துக்கு இன்றைய பெயர் இந்த ஸ்பானர்.

கரண்டும் தண்ணியும்

முகாமில் ஒரு தூணில் பிளக் இருக்கும். நடுத்தர ட்ரெயிலருக்கு 30 அம்பியர், 120 வோல்ற். பெருக்கினால் 3,600 வாற். ஏசி ஓடுகிறபோது கேத்திலும் மைக்ரோவேவும் ஒன்றாகப் போட்டால் பிறேக்கர் விழும். அது பழகிவிடும். பழக முடியாதது பிழையான வயரிங். இந்த 30 அம்பியர் பிளக்கைப் பார்த்துவிட்டு, உடுப்புக் காயவைக்கிற மெஷினுக்கு உரிய 240 வோல்ற் பிளக் என்று நினைத்து வயர் இழுத்துவிடுகிற மின்வேலைக்காரர்கள் அங்கே உண்டு. சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் "அண்ணை, நாங்களே ஒரு பொயின்ற் போட்டுத் தாறம்" எண்டு போடுறதில இது கூட நடக்கும். 120க்குச் செய்த எல்லாம் 240இல் ஒரு நிமிஷத்தில் கருகும்.

இதுக்குக் கடையில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று, மலிவான இடி தாங்கி. மற்றது, கூடின வோல்ற், குறைந்த வோல்ற், மாறின வயர், அறுந்த நியூற்றல் எல்லாவற்றையும் பார்த்து, பிழை என்றால் கரண்டை உள்ளே விடாமல் வெட்டுகிற கருவி. பட்டியல்கள் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி, விலை குறைந்ததைக் காட்டும். முதலாவது அனேகமாக ஒரு ஆறுதல் மட்டும்தான். வாங்கினால் இரண்டாவதை வாங்குங்கோ.

தண்ணிக்கும் அதே கதை. முகாமுக்கு முகாம் குழாயின் அமுக்கம் மாறும். அமுக்கத்தைக் குறைக்கிற சின்னப் பித்தளைச் சாமான் ஒன்றைக் குழாயடியில் பூட்டாவிட்டால், சுவருக்குள் ஓடுகிற பிளாஸ்ரிக் பைப் எங்கேயோ ஒரு மூட்டில் கழரும். வெளியில் தெரியாது. பலகை ஊறும், பூஞ்சணம் பிடிக்கும். ட்ரெயிலர்களைச் சாகடிக்கிற முதல் எதிரி தண்ணிதான். உள்ளே பைப்பால் வரும், மேலே கூரை மூட்டால் வரும். வருஷத்தில் ஓரிரு தரம் கூரையில் ஏறிப் பூச்சு வெடித்திருக்கிறதா என்று பார்க்கிறதுக்கு எந்தப் பட்டியலிலும் இணைப்பு இல்லை, ஏனென்றால் அதில் விக்கிறதுக்கு ஒன்றும் இல்லை.

காத்து

"இதெல்லாம் பயமுறுத்தல், தொழிற்சாலைகள் பொறுப்பாத்தான் செய்யுது" எண்டு சொல்லுறவைக்கு ஒரு பழைய கதை. 2005இல் கத்ரீனா, ரீற்றா சூறாவளிகளுக்குப் பிறகு வீடிழந்த மக்களை அமெரிக்க அரசு ட்ரெயிலர்களில் குடியேற்றியது. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் அதுக்குள் இருந்தார்கள். கண் எரிவு, மூச்சு முட்டு, பிள்ளைகளுக்கு இருமல் என்று முறைப்பாடு வந்தது. பலகை ஒட்டுகிற பசையில் இருந்து வருகிற போர்மல்டிகைட்டு வாயுதான் காரணம் என்று சந்தேகம் எழுந்தது. நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 ட்ரெயிலர்களையும் அதுபோன்ற நகரும் வீடுகளையும் சோதித்து, 2008 பெப்ரவரியில் முடிவைச் சொன்னது: சராசரி பில்லியனில் 77 பங்கு, சாதாரண வீடுகளில் இருப்பதைவிடக் கூட. 2010இல்தான் பலகைகளில் இருந்து வருகிற அந்த வாயுவுக்கு எல்லை வைத்துச் சட்டம் வந்தது.

ஐந்து வருஷம். அந்த மக்களுக்குக் கிடைத்த அறிவுரைகளில் ஒன்று "யன்னலைத் திறந்து விடுங்கள்" என்பது. காத்தாடி பூட்டுவது அவர்களுடைய "அப்கிரேட்". எங்களுக்கு இந்தத் தொனி நல்லாத் தெரியும். முகாம் வாழ்க்கை பார்த்த சனம் நாங்கள். தற்காலிகம் என்று சொல்லித் தருகிற கூரைக்குக் கீழே ஆக்கள் எவ்வளவு காலம் இருக்க வேண்டி வரும் என்று எங்களுக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இதுக்குள் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. புகை எச்சரிக்கை, கார்பனோரொட்சைட்டு எச்சரிக்கை, காஸ் கசிவு எச்சரிக்கை, தீயணைப்பான் ஆகியவை அங்கே புது ட்ரெயிலரோடு சேர்ந்தே வருகின்றன. ஏனென்றால் தரநியமம் அவற்றைக் கேட்கிறது. அவற்றை ஒருத்தரும் "அப்கிரேட்" என்று விக்கிறதில்லை. விதி வந்தால் விலைக்குள் அடங்கும், விதி இல்லாவிட்டால் பட்டியலில் ஏறும். அத்தியாவசியத்துக்கும் அப்கிரேட்டுக்கும் இடையில் உள்ள கோட்டை யார் கீறுகிறார்கள் என்பதுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். (அந்தக் காஸ் எச்சரிக்கைக் கருவிக்கும் காலாவதித் திகதி உண்டு. பின்பக்கத்தில் பாருங்கோ. பழசு வாங்கினால் முதல் மாத்துங்கோ.)

"விலை கூடிவிடுமே"

எங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் சொல்லுகிற பெரிய வாதம் இது. எல்லாத்தையும் பூட்டித் தந்தால் விலை கூடும், பிறகு நடுத்தரக் குடும்பம் வாங்க ஏலாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் குடும்பம் இப்போதும் அந்தக் காசைக் கொடுக்கத்தானே வேண்டும்? தனித்தனியாக, சில்லறை விலையில், எது தேவை என்று தெரியாமல், கொமிஷன் வாங்குகிற ஆளிடம் கேட்டுக் கொடுக்கிறது. கடனில் வாங்கின ட்ரெயிலருக்குக் கடனட்டையில் உயிர்காப்புச் சாமான். காசு இல்லாத குடும்பம் கொடுக்காமல் விடும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்போ விலை குறைந்தது என்று சொல்லாதேயுங்கோ. ஆபத்தை விலைப்பட்டியலில் இருந்து எடுத்து நெடுஞ்சாலையில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கோ.

அதைவிட மோசம், ஏதாவது நடந்தால் வருகிற பதில். "நீங்கள் அந்தக் கருவி போடேல்லையா?" என்று கேட்பார்கள். குறையை வித்தவர் கேள்வி கேட்பார், வாங்கினவர் தலை குனிவார்.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்ல வேணும். பாய் ஏன் முதல் இடத்தில் இருக்கிறது? நாங்கள் அதைத்தான் பார்க்கிறோம் என்பதால். நிறுவைத் தட்டில் நிற்கிற காரின் படத்துக்கு ஒரு லைக்கும் விழாது. மின்மினி லைட்டுக்குக் கீழ் இருந்து கொத்து ரொட்டி சாப்பிடுகிற படத்துக்கு ஊரே விழும். நாங்களும் போட்டனாங்கள் லைக். அந்தப் பட்டியலை எழுதினவர் எங்கட கண் போற இடம் தெரிந்துதான் எழுதினவர்.

எங்கட பட்டியல்

அக்காவுக்கு நாங்கள் திருப்பி அனுப்பினது இதுதான். காசு செலவழிக்கிற வரிசையும் இதுதான்.

1. நிறுவைத் தட்டில் ஒருக்கா நிறுக்கிறது. கதவு ஸ்டிக்கரை வாசிக்கிறது. பின் பம்பரில் இருந்து சைக்கிளைக் கழட்டுறது.

2. காருக்கும் பாரத்துக்கும் பொருத்தமான கொழுக்கி. ட்ரெயிலர் பிறேக் கருவி, அதைப் பயன்படுத்தப் பழகுகிறது. ட்ரெயிலர் கழண்டால் தானாகப் பிறேக் பிடிக்கிற வயரைக் கொழுவியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறது.

3. ரயர்க் காத்துக் காட்டுகிற கருவி, நல்ல மானி, முறுக்கு அளவு காட்டுகிற ஸ்பானர், மேலதிக ரயர், ட்ரெயிலரின் பாரம் தாங்குகிற ஜக்.

4. சில்லுக் கட்டை. சில்லுக்குக் கட்டை வைக்காமல் கொழுக்கியைக் கழட்டுகிறது இல்லை.

5. கரண்டை வெட்டுகிற கருவி. தண்ணி அமுக்கம் குறைக்கிற சாமான். குடிதண்ணிக்கு உரிய ஓஸ். கழிவுக்கு ஒரு நல்ல ஓஸும் கையுறையும், இரண்டு ஓஸும் ஒருபோதும் ஒரே பெட்டிக்குள் இல்லை.

6. பனி வர முதல் பைப்பில் உள்ள தண்ணியை எடுத்துப்போட்டு, இதுக்கென்று வருகிற ரோசா நிற உறைதடுப்பு ஊத்துறது. கனடாக் குளிரில் ஒரு இரவு போதும் பைப் வெடிக்க.

7. முதல் பயணத்துக்கு முதல், வீட்டு முற்றத்தில் ஒரு இரவு அதுக்குள் படுக்கிறது. ஒழுகுறது, மணக்கிறது, வேலை செய்யாதது எல்லாம் அன்றைக்கே தெரியும், டீலரும் கிட்ட.

இதுக்குப் பிறகு, நிறையில் மிச்சம் இருந்தால், பாய்.

அக்கா நிறுத்துப் பார்த்துவிட்டு எடுத்தா. உச்ச அனுமதி நிறையைத் தாண்டியிருந்ததாம். தண்ணித் தாங்கியை முகாமில் போய் நிரப்பலாம் என்று முடிவெடுத்தினம். கோப்பி மெஷின் வீட்டில் நிற்கிறது. மின்மினி லைட் மட்டும் பிள்ளைகள் விடேல்லையாம். "அது நூறு கிராம்தானடா" எண்டா. சரி அக்கா, அதைக் கொண்டு போங்கோ.

ஆனால் வித்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறோம். கையளித்த அன்று டீவி காட்ட எடுத்த நேரத்தில் அந்தக் கைப்பிடியைக் காட்ட ஏன் ஏலாமல் போனது என்று கேட்டு. ரயர் விளக்கு ஏன் விலைக்குள் இல்லை என்று கேட்டு. ஒரு அக்கா கேட்டால் "முறைப்பாடு" என்பார்கள். கனடாவில் ட்ரெயிலர் வாங்குகிற எங்கட ஆக்கள் எல்லாரும், காசு கட்ட முதல், குசினியைப் பார்க்க முதல், அதே ரெண்டு கேள்வியைக் கேட்டால் அடுத்த வருஷ மாடலில் அது பூட்டியே வரும். பெரியம்மா, சித்தப்பா, மச்சான்மார் ஆராவது ட்ரெயிலர் பாக்கப் போகினம் எண்டால், அந்த மற்றப் பட்டியல் அவைக்குப் போய்ச் சேர முதல் இதை அனுப்பிவிடுங்கோ.